நோட்டீஸ் அத்தான் கப்பல் ஏறிய கதை

என் அக்காவைக் கட்டியவருக்கு ஊரில் நோட்டீஸ் என்று பெயர். வைத்தவர்கள் மின்சார அலுவலகத்துக்கு பில் கட்ட வந்த ஜனங்கள். முப்பத்தொரு வருஷம் அத்தான் அங்கே தலைமை எழுத்தர். பில் வாங்குவது, ரசீது கிழிப்பது, ஃபியூஸ் போன புகாரை எழுதிக்கொள்வது எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டார். சுவரில் ஒரு கையகல இடம் காலியாகத் தெரிந்தால் அவருக்குப் பொறுக்காது. உடனே வெள்ளை அட்டை, சிவப்பு மை, அடியில் கையெழுத்து.

"கவுன்டருக்குள் கையை நீட்டாதீர்கள். உங்கள் முறை வந்தால் நாங்களே கூப்பிடுவோம்." "சில்லறை இல்லை என்பது உங்கள் பிரச்சினை." "இங்கே சாயாதீர்கள்." இந்தக் கடைசி அட்டை தொங்கிய தூணில் சாய்ந்துகொண்டுதான் எல்லாரும் அதைப் படிப்பார்கள்.

ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். கையோடு சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அத்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வீட்டிலும் சுவர் இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் "யோசித்துவிட்டுத் திற. திறந்துவிட்டு யோசிக்காதே." குளியலறையில் "வாளியைக் கவிழ்த்து வை." படுக்கையறை விளக்குச் சுவிட்சுக்கு மேலே "இன்னும் எரிகிறதா?" அக்கா பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் பிரிவில் இருபது வருஷம் நின்று வேலை செய்தவள். பேசினால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதால் பேசாமல் இருக்கப் பழகியவள். அந்தப் பழக்கம்தான் அந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் அம்மா ஏழு வருஷமாக என்னோடு, கடல் கடந்து, இந்தத் துறைமுக நகரத்தில் இருக்கிறாள். வந்த மூன்றாம் வருஷம் இடுப்பெலும்பு உடைந்தது. அதற்குப் பிறகு விமானம் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா இங்கே வர மூன்று தடவை விசாவுக்கு எழுதிப்போட்டாள். மூன்று தடவையும் இல்லை என்று பதில் வந்தது. வந்தால் திரும்பிப் போக மாட்டாள் என்று அவர்களுக்குச் சந்தேகம். அம்மாவுக்கு எண்பத்து நாலு. அக்கா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் ஒரே கேள்விதான் கேட்பாள்: "சாப்பிட்டாளா?" கேட்க நினைத்தது வேறு என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஒரு நாள் ஞாயிறு அல்லாத ஒரு கிழமையில் போன் வந்தது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் எடுத்தேன். கிழமை தப்பி வரும் போன் என்றால் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

"டேய், கப்பல்ல வந்தா விசா வேணாமாம்டா!"

"யாரு சொன்னாக்கா?"

"எங்க பாக்கிங்ல இருந்தவ. அவ நாத்தனார் போய்ட்டு வந்தாளாம். சுத்திப் பாக்குற கப்பலு. உங்க துறைமுகத்துல ஒரு நாள் நிக்குமாம். காலைல எறங்கி சாயங்காலம் ஏறிரணுமாம். அதுக்கு ஒரு சீட்டு மட்டும் குடுப்பாங்களாம்."

நான் துறைமுக அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்து மூன்று வேறு ஆட்களிடம் கேட்டேன். மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் உண்மைதான். கப்பல் பயணிக்கு ஒரு பகல் அனுமதி. அக்கா தன் கம்பெனியில் வந்த ஓய்வுப் பணத்தைப் போட்டு இரண்டு டிக்கெட் எடுத்தாள். ஒன்பது நாள் பயணம், ஆறாம் நாள் எங்கள் துறைமுகம். மற்ற எட்டு நாளும் அவளுக்கு வெறும் தண்ணீர்.

அத்தானுக்கு அப்படி இல்லை. அவருக்கு அது மிதக்கும் சுவர்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே "கப்பல் பயணிகளுக்கான நடத்தை விதிகள்" என்று நாற்பத்து மூன்று விதிகள் எழுதினார். அதுவரை அவர் கப்பலை நாள்காட்டியில்தான் பார்த்திருந்தார். விதிகளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். சும்மா சொல்லக்கூடாது, பாதிக்கு மேல் நல்ல யோசனைகள். பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகும், அதனால் மாத்திரையும் ஒரு மாற்றுத்துணியும் கைப்பையில் இருக்க வேண்டும். லிஃப்டில் உள்ளே இருப்பவர் வெளியே வந்த பிறகுதான் ஏற வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் எடுப்பதற்கு முன் கை கழுவு. தட்டில் கோபுரம் கட்டாதே. இரண்டாம் முறை போக யாரும் தடுக்கவில்லை. நடைவழியில் உரக்கப் பேசாதே, இரண்டு பக்கமும் ஜனம் தூங்குகிறது. நீச்சல் உடையோடு சாப்பிட வராதே. கரையில் இறங்கினால் கப்பல் கடிகாரத்தை நம்பு, கரைக் கடிகாரத்தை நம்பாதே. நீ வராவிட்டால் கப்பல் அழாது. நான் இதில் இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன், நான் எங்கும் போகவில்லை என்றாலும்.

முதல் விதி மட்டும் சிவப்பில் இருந்தது. "பாஸ்போர்ட் உடம்பை விட்டு இறங்கக் கூடாது." இதற்காக அக்காவை உட்காரவைத்து ஒன்பது பனியன்களில் உள்பக்கமாகப் பை தைக்கச் சொன்னார். நாளுக்கு ஒரு பனியன், பனியனுக்கு இரண்டு ஊக்கு. இரண்டு பாஸ்போர்ட்டும் அவர் நெஞ்சில்.

கப்பல் மூன்றாம் நாள் ஒரு சின்னத் துறைமுகத்தில் நின்றபோது அக்கா கூப்பிட்டாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"கடல் நல்லாத்தான்டா இருக்கு. இவருதான் அலை அடிக்கிறாரு."

கப்பலின் மேல்தளத்தில் நீச்சல்குளம், அதைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள். விடிந்ததும் ஓடிவந்து நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் ஜனங்கள். ஆள் பத்து மணிக்கு வரும். துண்டு ஆறு மணியிலிருந்து வெயில் காயும். ஆளில்லாத துண்டை அரை மணி நேரத்துக்குப் பிறகு அகற்றுவோம் என்று கப்பல்காரர்களே பலகை வைத்திருந்தார்கள். ஆனால் எந்தப் பணியாளும் அதைச் செய்ததில்லை. எழுதிய விதியை யாரும் நிறைவேற்றாமல் இருப்பதை அத்தானால் தாங்க முடியுமா? ஓய்வு பெற்றபோது கொடுத்த கைக்கடிகாரத்துக்கு அன்றுதான் வேலை வந்தது.

முப்பத்தொன்றாம் நிமிஷம் துண்டுகளை எடுப்பார், நான்காக மடிப்பார், துண்டு கொடுக்கும் மேசையில் ஒப்படைப்பார். இதில் அதிகம் அடிபட்டவர் எங்கள் பாஷை பேசும் ஒரு தையற்கடைக்கார அம்மா. பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல். புருஷனும் இரண்டு ஓரகத்திகளும் கூட வந்திருந்தார்கள். நான்கு பேருக்கும் சேர்த்து அந்த அம்மாவே நான்கு துண்டு போடுவார். மூன்றாம் நாள் காலை, அத்தான் கையில் துண்டோடு அகப்பட்டார்.

"யோவ், நீ கப்பல் ஆளா?"

"இல்லம்மா. பயணி."

"நானும் பயணிதான். துண்ட வை."

"முப்பது நிமிஷம் தாண்டிருச்சும்மா. பலகைல போட்டிருக்கு."

"இந்த நாற்காலி உனக்கு வேணுமா?"

"வேணாம். எனக்கு வெயில் ஆகாது."

"உக்காரவும் மாட்டே, உக்காரவும் விடமாட்டே. பின்ன எதுக்குய்யா ஒனக்கு இந்தத் துண்டு?"

"ஒழுங்குக்கும்மா."

அந்த அம்மா அக்கா பக்கம் திரும்பி, "இவரோட எத்தன வருஷம்?" என்றாராம்.

"முப்பத்தாறு."

"ஒக்காரும்மா," என்று தன் நாற்காலியையே காட்டினாராம்.

அத்தான் அசரவில்லை. லிஃப்டில் பொத்தானை இரண்டு முறை அழுத்தியவருக்கு, ஒரு முறை அழுத்தினாலே வரும் என்று விளக்கினார். பழத்தை முகர்ந்து பார்த்துத் திரும்ப வைத்தவரைச் சாப்பாட்டுக் கூடத்தின் கடைசி மேசை வரை பின்தொடர்ந்தார். ஐந்தாம் நாள் அத்தான் லிஃப்டுக்குள் வந்தால் மற்றவர்கள் படியில் இறங்கிப் போனார்கள். அத்தான் இதை நாகரிகம் வளர்ந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் மாலை கதவிடுக்கு வழியாக ஒரு தாள் வந்தது. மறுநாள் நிகழ்ச்சிகளைத் தினமும் அப்படித்தான் போடுவார்கள். கப்பல் பாஷை அக்காவுக்குப் படிக்க வராது. அத்தான் கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

"என்னங்க போட்டிருக்கு?"

"நாளைக்கு எறங்குறவங்க எல்லாம் இன்னிக்கு எட்டு மணிக்குள்ள பாஸ்போர்ட்டைக் கீழ மேசையில குடுத்திரணுமாம். கரை அதிகாரிங்க வந்து மொத்தமா முத்திரை போட்டு, சீட்டு வச்சுத் திருப்பித் தருவாங்களாம்."

"அப்பக் குடுத்திருவோம்ங்க."

"ரெண்டாயிரம் பேரு பாஸ்போர்ட்டு ஒரே பெட்டியில! அதுல ஒண்ணு மாறுச்சுன்னா? உடம்ப விட்டு எறங்கக் கூடாது. மொத விதி."

"அது யாருங்க போட்ட விதி?"

"நான்தான்."

அக்கா தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, "இந்தத் தாளும் ஒரு நோட்டீசுதானங்க?" என்றாளாம். அவளைப் பொறுத்தவரை அது பெரிய கேள்வி. அத்தான், "நாளைக்கு நேர்ல போய்க் கையில காட்டுவோம். நேர்ல வந்த ஆள இல்லேன்னா சொல்லுவான்?" என்று விளக்கை அணைத்தார். முப்பத்தொரு வருஷம், சுவரில் ஒட்டியதை மதிக்காமல் கையை நீட்டியவர்களை அவர் திட்டியிருக்கிறார். இன்னொருவர் ஒட்டிய நோட்டீசும் நோட்டீஸ்தான் என்பது மட்டும் அவர் புத்தியில் ஏறவில்லை.

மறுநாள் கப்பல் எட்டு மணிக்குக் கரையை அடைந்தது. நான் ஏழிலிருந்து துறைமுக வாசலில் நின்றேன். வீட்டில் பக்கத்து வீட்டுப் பெண்ணை அம்மாவோடு இருக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அம்மா விடியும் முன்பே எழுந்து, முகத்தைத் துடைத்துவிடச் சொல்லி, சன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். துறைமுகத்திலிருந்து வீட்டுக்குக் காரில் நாற்பது நிமிஷம். நாலு மணிக்குள் எல்லாரும் கப்பலில் ஏறிவிட வேண்டும். நான் மனதுக்குள் கழித்துக்கொண்டே இருந்தேன். ஒன்பதரைக்கு வெளியே வந்தால் ஐந்து மணி நேரம் அம்மாவோடு. பத்தரைக்கு வந்தால் நாலு. பதினொன்று ஆயிற்று. கப்பலிலிருந்து ஜனங்கள் தொப்பியும் காமிராவுமாக வந்துகொண்டே இருந்தார்கள். அக்காவைக் காணோம்.

உள்ளே நடந்ததைப் பிறகு காரில் அக்கா சொன்னாள். இறங்கும் வாசலில் இவர்கள் கப்பலில் கொடுத்த அறை அட்டையைக் காட்டியதும் இயந்திரம் சிவப்பு காட்டியது. பட்டியலில் பெயர் இல்லை. ஐந்தாம் தளத்துக்குப் போங்கள் என்றார்கள். ஐந்தாம் தளத்தில் கரை அதிகாரிகள் இருவர் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் பாஸ்போர்ட் கொடுக்காதவர்கள், கொடுத்தும் சிக்கல் வந்தவர்கள் என்று நாற்பது, ஐம்பது பேர் வரிசை. அதிகாரிகள் பன்னிரண்டு மணிக்கு எழுந்துவிடுவார்களாம். அத்தான் போய்க் கடைசியில் நின்றார். வரிசை நத்தை போல நகர்ந்தது. பதினொன்றரைக்கு முன்னால் இருபத்திரண்டு பேர்.

"என்னங்க, போய்ச் சொல்லிப் பாருங்களேன். அம்மாவப் பாக்கணும்னு சொன்னா..."

"எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும்மா. வரிசைன்னா வரிசைதான்."

அக்கா சுவரோரம் போய் நின்று அழுதாள். முப்பத்தாறு வருஷத்தில் வெளியிடத்தில் அழுதது அதுதான் முதல் தடவையாம். அப்போதுதான் லிஃப்ட் திறந்து தையற்கடைக்கார அம்மா இறங்கினார். அவர் சீட்டெல்லாம் முந்தின நாளே வாங்கிவிட்டார். ஓரகத்தி அலங்காரம் முடியாததால் தாமதம்.

"ஏம்மா அழறே?"

"எங்கம்மா இந்த ஊர்லதான் இருக்காங்க. ஏழு வருஷமாச்சு பாத்து. பன்னெண்டு மணிக்கு மூடிருவாங்களாம்."

அந்த அம்மா வரிசையைப் பார்த்தார். வரிசையில் நேராக, முன்னால் நிற்பவரிடமிருந்து ஒரு முழம் இடைவெளி விட்டு நிற்கும் அத்தானைப் பார்த்தார்.

"யோவ், பொண்டாட்டி அங்க அழுதுகிட்டு நிக்கிறா. நீ இங்க தூணாட்டம் நிக்கிறே?"

"நான் என் எடத்துல நிக்கிறேம்மா."

"பாஸ்போர்ட்டு எங்க?"

அத்தான் நெஞ்சைத் தொட்டார்.

"கழட்டுய்யா சட்டைய!"

"பொது எடத்துல சட்டைய..."

"நீ கழட்டுறியா, நான் கழட்டவா? நான் தையக்காரி. பித்தான் எனக்கு ஒரு நிமிஷம்."

அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிச் சட்டையை அவிழ்த்தார். ஊக்கு சிக்கிக்கொண்டது. அந்த அம்மாதான் பனியனைப் பிடித்து இழுத்து ஊக்கைக் கழற்றினார். கழற்றிய கையோடு தையலைப் பார்த்து, "நல்ல தையல். யாரு போட்டது, நீயா?" என்று அக்காவை ஒரு வார்த்தை பாராட்டவும் செய்தாராம். அக்காவின் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, "உன்னோடதையும் குடு," என்றார்.

"நான் என் முறைக்கு வருவேன்," என்றார் அத்தான்.

"நல்லா வா!"

அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இருபத்திரண்டு பேரையும் தாண்டி, மேசை முன்னால் போய் நின்றுவிட்டார் அந்த அம்மா. முணுமுணுத்தவர்களைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதிகாரியின் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை அதிகாரிக்குத் தெரியாது. மேசையைத் தட்டி, "அம்மா! இவ அம்மா! எண்பத்து நாலு!" என்று விரலில் எட்டும் நாலும் காட்டி, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துப் படுத்த படுக்கையைக் காட்டி, கடைசியில் வெளியே போகும் வாசலைக் காட்டினார். இளம் அதிகாரி பெரிய அதிகாரியைப் பார்த்தார். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். முத்திரை விழுந்தது.

அக்கா திரும்பி வந்தபோது அத்தான் இரண்டு இடம் முன்னேறியிருந்தார். "நீங்களும் வாங்க," என்றாள். அவர் அசையவில்லை. "நாலு மணிக்குள்ள வந்திரு. கப்பல் காத்திருக்காது," என்றார்.

சுங்கச் சோதனையையும் தாண்டி அக்கா வெளியே வரும்போது மணி பன்னிரண்டு நாற்பது. முடி முழுக்க நரைத்திருந்தது. போனில் அது தெரிந்ததே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "வண்டிய எடு. அப்புறம் அழலாம்," என்றாள்.

வீட்டில் அம்மா மகளைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "மெலிஞ்சுட்டே." அக்கா அம்மாவின் கையை எடுத்து, வளர்ந்திருந்த நகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் ஏழு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன். நகவெட்டியைத் தேடி எடுத்துக்கொடுத்தேன். அக்கா கட்டிலில் ஏறி உட்கார்ந்து அம்மாவின் காலை மடியில் போட்டுக்கொண்டாள்.

"மாப்பிள்ள எங்க?"

"வரிசைல நிக்கிறாரும்மா."

"எதுக்கு?"

"உன்னப் பாக்கத்தான்."

அம்மா இதைக் கொஞ்சம் யோசித்தாள். "நிக்கட்டும். அவரு எடத்துல வேற ஆளு நின்னா அவருக்குத் தாங்காது," என்றாள். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

இரண்டு மணிக்கு வீட்டுப் போன் அடித்தது. கப்பலிலிருந்து அத்தான். வரிசையில் பதினேழாவது ஆளாக நின்றபோது அதிகாரிகள் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்களாம். அதில் அவருக்கு வருத்தம் இருந்தது, குறை இல்லை. சரியாகப் பன்னிரண்டுக்கு மூடினார்கள் என்று பாராட்டினார். "இப்ப மணி ரெண்டு, மச்சான். ஞாபகப்படுத்துறேன்," என்றார். இரண்டேகாலுக்கு மறுபடி அடித்தார். இரண்டரைக்கு மறுபடி. ஒவ்வொரு மணியடிப்புக்கும் அக்கா கை நின்றுவிடும். அம்மாவின் தலையைச் சீவிக்கொண்டிருந்த சீப்பு பாதியில் நிற்கும். மூன்றாவது முறை அம்மா கையை நீட்டி, "இங்க குடு," என்றாள்.

"மாப்பிள்ள, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் அத்தை. மணி வந்து..."

"என் மக தல சீவி விடுறா. அத முடிச்சிட்டு அனுப்புறேன். அதுவரைக்கும் போன வைங்க."

"சரிங்கத்தை."

வைத்துவிட்டார். உடனே என் கைபேசிக்கு அடித்தார். நான் எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் அடிக்கிற போனை எடுக்காமல் விட்டது அன்று ஒரு தடவைதான். யாருக்கு என்ன ஆயிற்றோ என்ற பழைய பயம் வந்தது. இரண்டு பேரும் கண் முன்னால்தான் இருந்தார்கள்.

அக்கா பின்னல் போட்டாள். அம்மாவுக்குப் பின்னும் அளவுக்கு முடி இல்லை. இருந்ததைப் பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள். மூன்று மணி ஐந்துக்கு அம்மாவே, "போ. அவரு கடல்ல குதிச்சிரப் போறாரு," என்றாள்.

துறைமுக வாசலில் கார் நின்றபோது மூன்று ஐம்பது. இறங்க மனமில்லாமல் அக்கா கதவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் கப்பலின் ஏறும் படிக்கு மேலே ஒரு ஆள் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அடுத்த வருஷமும் இந்தக் கப்பல் வருமாடா?"

"வருஷா வருஷம் வருதுக்கா."

"ஒரு டிக்கெட் போடு."

"ஒரு ஆளுக்கு எடுத்தாலும் ரூமுக்கு ரெண்டு ஆள் காசு வாங்கிருவான்க்கா. கப்பல்ல அப்படித்தான்."

"வாங்கட்டும்," என்று அக்கா காரிலிருந்து இறங்கினாள். "காலிக் கட்டில் மணி சொல்லாது."